குமா வைத்த சுருள்

டோன்காவைத் தவிர வேறு யாரையும் என் தலைமுடியைத் தொட விட்டதில்லை. அவள் எங்கள் குமா. என் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவள். எங்கள் ஸ்லிவென் ஊரில் குமா என்றால் கூடப் பிறந்த அக்காவுக்கும் ஒரு படி மேல். பிள்ளைக்குப் பெயர் வைப்பது அவள்தான். அந்தப் பெயர் என்னவென்று பெற்றவளே ஊரோடு சேர்ந்துதான் கேட்டுக்கொள்வாள். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் முதல் முடியை வெட்டுவதும் அவள்தான். குமாவோடு சண்டை போடக்கூடாது, குமா கேட்டதை இல்லை என்று சொல்லக்கூடாது, குமா செய்வதைச் சரிபார்க்கக்கூடாது. இதெல்லாம் யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் மீறியவர்களை நான் பார்த்ததில்லை.

போதாக்குறைக்கு டோன்கா சலூன்காரி. மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கும் கூட்டுறவு சலூனில் இரண்டாவது நாற்காலி அவளுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அதனால் தனியாக இருக்கும்போது வாடி போடி. நாலு பேர் முன்னால் "வாங்க குமா, உட்காருங்க குமா." என் கணவர் ஸ்லாவி இதைக் கேட்டால் சிரிப்பார்.

எனக்கு முப்பத்துமூன்றிலேயே நரைத்துவிட்டது. அன்றிலிருந்து பதினோரு வருடம் டோன்காதான் என் முடியைப் பெராக்சைடில் வெளுத்து, வைக்கோல் நிறச் சாயம் ஏற்றிவந்தாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். விஹ்ரா என்ற என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. "அந்த மஞ்சத் தலை அம்மா" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம், எண்பத்தெட்டில், என் ஒரே மகள் நெவெனா பள்ளிப் படிப்பை முடித்தாள். மே மாதக் கடைசி சனிக்கிழமை அவளுடைய விருந்து நடனம். பிள்ளைகள் உணவகத்துக்குப் போய் ஆடுவதெல்லாம் அப்புறம். அதற்கு முன்னால் எங்கள் குடியிருப்பு வாசலில் அக்கார்டியன்காரன் வருவான், அக்கம்பக்கம் முழுக்க இறங்கி வரும், கைகோத்து வட்டமாக ஹொரோ ஆடுவார்கள், புகைப்படக்காரர் வந்து பெண்ணையும் பெற்றோரையும் குமாவையும் நிற்க வைத்துப் படம் எடுப்பார். எனக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. பதினேழு வயதில் நூற்பாலையில் போய் நின்றுவிட்டேன். அதனால் மகளின் பக்கத்தில் நல்ல தலையோடு, நல்ல சுருளோடு அந்தப் படத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மற்றதையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சுருள் வைப்பது லேசு, என் முடிக்குத்தான் அது ஆபத்து. எங்கள் சலூன்களில் வரும் சுருள் மருந்து குதிரை வாலைக்கூட வளைத்துவிடும். பெராக்சைடு குடித்த முடியில் பட்டால் தொலைந்தது. இதை எனக்குச் சொன்னதே டோன்காதான். ஒவ்வொரு வருடமும் கேட்பேன், ஒவ்வொரு வருடமும் முடியாது என்பாள். "உன் முடிக்கு உயிரே பாதிதான் இருக்கு. நான் கொலைகாரி ஆகமாட்டேன், போ" என்பாள்.

என் தம்பி க்ராசி லாரி ஓட்டிக்கொண்டு வியன்னா வரை போய்வருகிறவன். அவனிடம் ஜனவரியிலேயே சொல்லி வைத்தேன். ஏப்ரல் கடைசியில் ஒரு பாட்டிலோடு வந்து நின்றான். வெளிர் பச்சை நிறம், மூடியைச் சுற்றி முத்திரைத் தாள்.

"சாயம் போட்ட முடிக்குன்னே செஞ்சதாம். கடைக்காரிகிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன்" என்றான். "ஒரு தலைக்குத்தான் வரும். திறந்தா அன்னைக்கே போட்டுரணும். சும்மா மோந்து பாக்கிறேன்னு திறந்து வைக்காதே."

"எனக்கு அவ்வளவு கூடவா அறிவில்ல?"

"உன்னைப் பத்தித் தெரிஞ்சுதானே சொல்றேன்."

திறக்கவில்லை. பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்து, விருந்துக்கு ஒன்பது நாள் முன்னால், வியாழக்கிழமை, டோன்காவிடம் கொண்டுபோனேன். அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஜெர்மன் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"அடியே, ராணி வீட்டுச் சரக்குடி இது."

"அப்ப இந்த வருஷமாவது வெப்பியா?"

"உட்காரு, வெக்கிறேன்."

பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துவந்தாள். சலூனில் எப்போதும் அப்படித்தான். என் கண் முன்னால் திற என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. குமாவிடம் அப்படிச் சொல்லும் பெண் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

குச்சிகளில் முடியைச் சுற்றி, மருந்தை ஊற்றினாள். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று ஏறியது. கண்ணில் நீர் வந்தது. வியன்னா என்ன, வேறு எந்த ஊராக இருந்தால் என்ன, சுருள் மருந்து நாறத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கமாக எந்த மருந்து போட்டாலும் பிடரியிலிருந்து ஒரு சிறு கற்றையை வெட்டி, அதில் முதலில் நனைத்துப் பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை. கேட்டதற்கு, "வெளிநாட்டு சாமானுக்கு எதுக்குடி பரீட்சை?" என்றாள்.

"எரியுதுடி டோன்கா."

"சினிமாக்காரி ஆகணும்னா கொஞ்சம் எரியட்டும்."

குச்சிகளைக் கழற்றும்போது அவள் பேச்சு நின்றது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கையில் என் முடி ஒரு கற்றை, ஈரமாக, மென்று துப்பிய சூயிங்கம் போல இழுக்க இழுக்க நீண்டுகொண்டே வந்தது. பிறகு அறுந்தது. அடுத்த குச்சியில் முடியும் சேர்ந்தே வந்துவிட்டது. மூன்றாவது குச்சியை அவள் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"தண்ணி," என்றாள். "தண்ணி ஊத்தணும். எந்திரி."

எவ்வளவு ஊற்றியும் பிரயோஜனமில்லை. காய்ந்தபோது உச்சியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போல ஒரு பந்து, பிடரியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் முள், காதோரத்தில் எதுவுமே இல்லை. நான் அழவில்லை. அழுதது டோன்கா. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"அந்த மருந்துதாண்டி. என்ன கழுதையை அடைச்சு வித்தாங்களோ. உன் தம்பியை நல்லா ஏமாத்திட்டாங்க."

நான் அவளைத் தேற்றினேன். நடந்ததிலேயே இதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. தலை பொசுங்கி உட்கார்ந்திருக்கும் நான், பொசுக்கியவளின் முதுகைத் தடவிக்கொடுத்து, "உன் தப்பு இல்லடி, நீ என்ன பண்ணுவே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே, டோன்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, க்ராசிக்கு அவன் டிப்போவில் போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கஞ்சன் என்றேன். தெருவோரக் குப்பையை வாங்கிவந்து அக்கா தலையில் கொட்டினாயே என்றேன்.

"நான் பெரிய கடையிலதான் வாங்கினேன் அக்கா," என்றான் கடைசியில். "நீ நம்பலைன்னா விடு. விருந்து அன்னைக்கு நான் வரலை. உன் முகத்தை எப்படிப் பாக்கிறது?"

"வராதே" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த ஒன்பது நாளும் என் தலை ஒரு சமையலறை. முட்டை மஞ்சள் கரு, தயிர், வால்நட் எண்ணெய், வேகவைத்த காஞ்சொறித் தண்ணீர் எல்லாம் ஏறின. மூன்றாம் மாடி நாட்கா மண்ணெண்ணெய் போடச் சொன்னாள், அவளை மட்டும் விரட்டிவிட்டேன். டிக்கெட் ஜன்னலில் தலைத்துணியோடு உட்கார்ந்தேன். அப்படியும் உடைந்த முடி டிக்கெட்டுகளின் மேல் உதிர்ந்தது. ஒரு கிழவர் டிக்கெட்டை ஊதிவிட்டு, "நாய் வளக்கிறியாம்மா?" என்றார்.

டோன்கா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைச் சமையலறை முக்காலியில் உட்காரவைத்து, வெதுவெதுப்பாக எண்ணெய் சூடுபண்ணி, விரல் நுனியால் வலிக்காமல் தேய்த்தாள். நெவெனா பக்கத்தில் நின்று முட்டையை அடித்துக்கொடுத்தாள். ஒருத்தி கிண்ணத்தைப் பிடிக்க, ஒருத்தி தலையைப் பிடிக்க, நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டு, முடி போனால் போகிறது, இப்படி இரண்டு பேர் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன். அப்படி ஒரு முட்டாள் நான்.

சனிக்கிழமை வந்தது. நெவெனா விடிந்ததும் சலூனுக்குப் போனவள் பதினொரு மணிக்குத்தான் திரும்பினாள். கதவைத் திறந்த ஸ்லாவி, "யாரும்மா நீ, யார் வேணும்?" என்று கேட்டார். அத்தனை அழகு. தோளுக்குக் கீழே, பெரிய பெரிய சுருள்களாக, பழுப்பு முடி பளபளவென்று இறங்கியிருந்தது.

"ரோலர் சுத்தினாங்க," என்றாள் நெவெனா, நான் கேட்காமலே. "ராத்திரிக்குள்ள போயிடும்."

அவள் கன்னத்தில் முத்தமிட்டேன். பிறகு என் தலையில் நீலப் பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு பனிட்ஸா பலகாரத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

நான்கு மணிக்கு வாசல் நிறைந்துவிட்டது. நெவெனாவின் வகுப்புத் தோழிகள் ஐந்தாறு பேர் பெற்றோரோடு வந்திருந்தார்கள், எல்லோரும் சலூனிலிருந்து வந்த தலைகளோடு. டோன்காவுக்கு முதல் நாற்காலி, முதல் கோப்பை. அக்கார்டியன் தொடங்கியது. ஸ்லாவி முன்னால் போய்க் கைக்குட்டையைச் சுழற்றினார். ஹொரோ இரண்டு சுற்று வந்திருக்கும், மலைப்பக்கமிருந்து ஒரு மேகம் வந்து மழையைக் கொட்டிவிட்டுப் போனது. ஐந்து நிமிடம்தான். பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டே ஆடினார்கள், யாரும் வட்டத்தை விடவில்லை.

மழை நின்றது. தோழிகள் ஒவ்வொருத்தி தலையும் வழிந்து, காதோடு ஒட்டிக்கொண்டது. ஒருத்தியின் அம்மா ஓடிப்போய் மகளின் முடியைத் துண்டால் ஒற்றினாள். நடுவில் என் மகள். அவள் முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சுருள் இன்னும் இறுகி, இன்னும் எழும்பி நின்றது.

நாட்கா என் முழங்கையை இடித்தாள். "பாத்தியா விஹ்ரா அக்கா, உன் பொண்ணுக்கு மட்டும் அசையல. அது ரோலர் இல்ல, மருந்து வெச்ச சுருள். ஆனா நம்ம சலூன் மருந்துக்கு இப்படி வராதே, ஆட்டுக்குட்டி மாதிரில்ல ஆக்கிடும்? எங்கேர்ந்து கிடைச்சுது?"

நான் டோன்காவைப் பார்த்தேன். அவள் அக்கார்டியன்காரனின் விரல்களை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், இசை கற்றுக்கொள்ளப் போகிறவள் மாதிரி.

"குமா, கொஞ்சம் மேலே வாங்க," என்றேன். "தட்டு எடுக்கணும்."

சமையலறைக் கதவைச் சாத்தினேன். எண்ணெய்க் கிண்ணம் அடுப்பின் மேல் அப்படியே இருந்தது.

"என் தலைல என்ன ஊத்தினே?"

அவள் அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனாள்.

"டோன்கா, என் தலைல என்னடி ஊத்தினே?"

"சலூன் மருந்து," என்றாள். "பாதி தண்ணி கலந்துதான் ஊத்தினேன். தாங்கும்னு நெனச்சேன்."

"நெனச்சியா? பதினோரு வருஷமா வெளுத்தவ நீ. தாங்காதுன்னு வருஷா வருஷம் சொன்னவ நீ."

"பாட்டில் ஒண்ணு, தலை ரெண்டு. நான் என்ன பண்ண? அவ வந்து என் மடியில தலை வெச்சு அழுதா. அவளுக்குப் பதினெட்டு, உனக்கு நாப்பத்தினாலு. உன்னை யாருடி பாக்கப்போறா?"

"அவ முடியில ஒரு சொட்டு சாயம் கிடையாது. சலூன் மருந்தே அவளுக்குத் தாங்குமே! அதைப் போட்டா என்ன?"

"சுருள் நல்லா விழாது" என்றாள் டோன்கா, நான் ஏதோ விவரம் தெரியாமல் கேட்டதைப் போல. "அவ பெருசு பெருசா கேட்டா."

மகளின் சுருள் கொஞ்சம் சின்னதாக விழுமே என்று என் தலையைப் பொசுக்கியிருக்கிறாள். அதுவும் தெரிந்தே.

"என்னைக் கேட்டிருக்கலாமே. தூக்கிக் குடுத்திருப்பேனே."

"குடுத்திருக்க மாட்டே."

"கேட்டியா?"

"நான் பேர் வெச்ச பிள்ளை. எனக்கும் உரிமை இருக்கு."

"ஒன்பது நாள் என் தலைக்கு எண்ணெய் தேய்ச்சியே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம். என் தம்பியைக் குப்பை பொறுக்கின்னு திட்டினேன், நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தே."

அவள் கண் கலங்கியது. இந்த முறை நான் முதுகைத் தடவிக்கொடுக்கவில்லை.

கதவு திறந்தது. நெவெனா. வெள்ளை உடை, ஈரச் சுருள், சிவந்த கன்னம். எங்கள் இருவரையும் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது.

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?" என்றேன்.

"நீ அப்படி வீட்டுக்கு வந்தியே, அன்னைக்குத்தான். அதுக்கு முன்னாடி தெரியாது, சத்தியமா. குமா 'நான் பாத்துக்கிறேன்'னு மட்டும்தான் சொன்னாங்க. உனக்கு வெச்சது போக மிச்சம் இருக்கும்னு நெனச்சேன்."

"அன்னைக்குத் தெரிஞ்சுமா இன்னைக்குக் காலைல போய் உட்கார்ந்தே?"

"அம்மா, நான் உன்கிட்ட கேட்டேன்ல? பாட்டில் வந்த அன்னைக்கே கேட்டேன். நீ கண்ணாடியைப் பாத்துக்கிட்டே, உனக்கெதுக்குடி இதெல்லாம், அடுத்த வருஷம் பாக்கலாம்னே. அடுத்த வருஷம் எனக்கு இந்த நாள் இருக்கா?"

கேட்டிருப்பாள். நானும் அப்படிச் சொல்லியிருப்பேன். நினைவில்லை, ஆனால் அது என் வாயிலிருந்து வரக்கூடிய பேச்சுதான். அது என்னைக் குத்தியது. குத்தினாலும், ஒன்பது நாள் முட்டையடித்துக் கொடுத்த கை அதனால் சுத்தமாகிவிடவில்லை.

"கேட்டே. சரி. அதுக்கு இதுவாடி?"

கீழேயிருந்து ஸ்லாவி கத்தினார். "எங்கே போனீங்க எல்லாரும்? போட்டோக்காரர் காத்திட்டிருக்கார்!"

நெவெனா என் கையைப் பிடித்தாள். "அம்மா, வா. அப்புறம் என்னைத் திட்டு. நாளைக்கு முழுக்கத் திட்டு. இப்ப வா."

இறங்கினோம். புகைப்படக்காரர் வாசல் ரோஜாச்செடிக்கு முன்னால் எங்களை நிறுத்தினார். ஸ்லாவி ஒரு கோடியில், பிறகு நெவெனா, அவளுக்கு இடப்பக்கம் நான். டோன்கா வழக்கப்படி நெவெனாவின் வலப்பக்கம் வந்து நிற்கப் பார்த்தாள்.

"டோன்கா, பின்னால போய் நில்லு" என்றேன்.

நாலு பேர் முன்னால் குமாவை யாரும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதுவும் பின்னால் போகச் சொல்லி. டோன்கா போய்ப் பின்னால் நின்றாள்.

நான் தாடைக்குக் கீழே இருந்த முடிச்சை அவிழ்த்து, நீலத் துணியை எடுத்தேன். காற்று நேராகத் தோலில் பட்டது. யாரோ "ஐயோ" என்றார்கள். நாட்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

புகைப்படக்காரர் காமிராவிலிருந்து தலையை நிமிர்த்தினார். "இப்படியேவா, அக்கா?"

"இப்படியேதான். எடுங்க."

"அம்மா," என்றாள் நெவெனா, உதட்டை அசைக்காமல். "துணியைக் கட்டு. கெஞ்சிக் கேக்கிறேன். இது ஆயுசுக்கும் இருக்கிற படம்."

"தெரியும். அதுக்காகத்தான் ஜனவரியிலிருந்து காத்திட்டு இருந்தேன்."

அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்னால் பார்த்து, "குமா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் புகைப்படக்காரர் அழுத்திவிட்டார். இன்னொரு முறையும் எடுத்தார், அது கலங்கிப்போனது. அதனால் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது முதலாவதுதான். ஸ்லாவி எங்கேயோ பார்க்கிறார். நான் நேராகக் காமிராவைப் பார்க்கிறேன், அரைமொட்டைத் தலையோடு. என் மகள் அத்தனை சுருளோடும் பின்னால் திரும்பியிருக்கிறாள். படத்தில் அவள் முகம் இல்லை.